பிரவுசர் போகும், டெர்மினல் போகாது

எங்களில் பாதிப்பேர் வெள்ளவத்தை, மீதிப்பேர் கொட்டாஞ்சேனை. லினக்ஸ் பழகத் தொடங்கியபோது எல்லோரையும் சுற்றவைத்தது ஒரே விஷயம்: வகுப்புகளிலும் ஒபிஸ்களிலும் இருக்கிற ப்ராக்ஸி. பிரவுசரில் பக்கங்கள் திறக்கும். டெர்மினலில் ஒன்றும் வராது.

ப்ராக்ஸி நடுவில் நிற்கிற ஆள் மாதிரி. நாங்கள் கேட்பதை வெளியே போய் வாங்கிவந்து தரும். அந்த ஆளின் முகவரி பிரவுசரின் செட்டிங்கில் இருக்கும். டெர்மினல் கருவிகளுக்கு அதை நாங்கள்தான் சொல்லவேண்டும்.

கேர்ல், டபிள்யூகெட் இரண்டும் 'ஹெச்டிடிபி ப்ராக்ஸி' என்ற சூழல் மாறியைப் பார்க்கும். பெயரைச் சின்ன எழுத்தில் கொடுங்கோ. பெரிய எழுத்தில் கொடுத்தால் கேர்ல் கண்டுகொள்ளாது. ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தனி மாறி. சூடோ போட்டு ஆப்ட் ஓட்டினால் அந்த மாறிகள் பொதுவாகக் கூடப் போகாது. ஆப்ட்டின் சொந்தக் கோப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. பிங்கின் கதை வேறு. அது ஐசிஎம்பியில் பேசும், வெப் ப்ராக்ஸி அதைக் கடத்தாது. பிங்குக்குப் பதில் இல்லை என்பதற்காக நெட் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இது வெறும் கொம்பியூட்டர் விஷயம் இல்லை. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த நாள். கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரரைத் தேடியவர்களுக்கு அன்றைக்குத்தான் வாட்ஸ்அப்பும் போனது. ஆனால் முடக்கியது சில செயலிகளை. முழு நெட்டையும் அல்ல. மின்னஞ்சல் அனுப்ப வழி இருந்தது. "நெட்டையே வெட்டிட்டாங்க" என்று நம்பினால் அந்த வழியும் கண்ணில் படாது.

கேர்ல் கட்டளையோடு ஒரு சிறு கோடும் சின்ன 'வி'யும் சேர்த்தால், போகிற வழியைப் படிப்படியாகக் காட்டும். பெயருக்கு முகவரியே கிடைக்கவில்லையா, டிஎன்எஸ்ஸைப் பாருங்கோ. 407 வந்தால் ப்ராக்ஸி பாஸ்வேர்ட் கேட்கிறது. 403 என்றால் ப்ராக்ஸியோ அந்தத் தளமோ விட மறுக்கிறது. ஒன்றுமே வராமல் நேரம் முடிந்தால், இடையில் எங்கேயோ மறிபட்டிருக்கலாம், அல்லது அந்தப் பக்கம் ஆளே இல்லை.

"வேலை செய்யுதில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை காரணம் இருக்கு. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். அடுத்த தரம் நெட் போனால், ரவுட்டரை ஓஃப் பண்ண முதல் அந்த ஒரு வரியை அடிச்சுப் பாருங்கோ.