முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவு. வார்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை கட்டிலுக்குக் கட்டில் நிற்கும் வாக்கர்கள்தான். “நேத்து ஆபரேஷன் ஆனவங்க, இன்னிக்கு நடக்கப் போறாங்க” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

முட்டி மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து, அறுபதைக் கடந்த ஓர் அம்மா படுத்திருந்தார். வலி தெரியக்கூடாதே என்று மகள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் முதல் வேலையாக அதை உருவிவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். “மடக்கி வெச்சா இதமாத்தான் இருக்கும். அப்படியே பழகிட்டா அப்புறம் கால் நேரா நீளாதும்மா. இப்ப முட்டியை மெத்தையில அழுத்துங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும்.” தொடைத் தசை மெல்ல இறுகியது, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இந்த அசைவு உதவுகிறது.

மருத்துவரின் மேசையில் செயற்கை மூட்டின் மாதிரி இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். மூட்டையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. தொடை எலும்பின் முனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் தேய்ந்த பரப்பைச் சுமார் 1 செ.மீ. சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட்-குரோமியம் உறை, கீழே உலோகத் தட்டு, நடுவே வழுவழுப்பான பாலிஎத்திலீன். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். வேலை 1 முதல் 2 மணி நேரத்தில் முடிகிறது. பெரும்பாலானோருக்கு இந்த மூட்டு 15 முதல் 20 ஆண்டு, அதற்கு மேலும்கூட உழைக்கிறது.

திரும்பி வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், கடைசியாக நல்ல கால். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முந்த வேண்டும். இறங்கும்போது ஆபரேஷன் கால்.

புறநோயாளிப் பிரிவில், தையல் பிரிக்க வந்தவரின் முட்டியைக் கோணமானி வைத்து அளந்தார்கள். 90 டிகிரி மடங்கியது. நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ அதற்கு மேலும் மடங்க வேண்டும். அதைப் பெற்றுத்தருவது வீட்டில் தினமும் செய்யும் பயிற்சிதான். வீக்கம் சில மாதம் இருக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். ஆனால் காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, கெண்டைக்காலில் திடீர் வலி வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பொதுவாகச் சம்மணமும் குந்துவதும் தவிர்க்க வேண்டியவை. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வசதி செய்துகொள்வது நல்லது.

செயற்கை மூட்டின் விலைக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. தமிழக அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. பணத்துக்கு வழி தேடும்போதே, முதல் ஆறு வாரம் பக்கத்தில் இருந்து பயிற்சி செய்யவைக்கப்போவது யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.