காகிதத்தில் ஒரு இடம், கல் நட்டது வேறு இடம்!

கூகுள் மேப்பில் வெறுமனே ‘வல்லம்’ என்று போட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தஞ்சாவூர் பக்கம் ஒரு வல்லம் உண்டு. செங்கல்பட்டு பக்கம், பல்லவர் காலக் குடைவரைக் கோயிலோடு இன்னொரு வல்லம். நாங்கள் இருப்பது வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், சிப்காட்டை ஒட்டிய ஊர். செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்காகக் கட்டிய பெரிய குடியிருப்பு இங்கேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள், 18,720 பேர் தங்கலாம். மகளைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து கிளம்பிய ஒரு அப்பா, செங்கல்பட்டு வல்லத்தில் போய் நின்றுகொண்டு, “இங்க கம்பெனி எதையும் காணோமே பாப்பா” என்று போன் பண்ணினாராம். அந்தப் பெண் என் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொல்லிச் சிரித்தாள். ஊர்ப் பெயரோடு தாலுகா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். கைபேசியில் எனக்குப் பாதி வித்தையைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பெண்தான். மீதியை நானே நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் லைன் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. ‘தண்ணி டேங்க் பக்கத்துல, பச்சை கேட்’ என்பதுதான் விலாசம். இப்போது கேஸ் சிலிண்டர் போடும் தம்பிக்குக்கூட நான் பிளஸ் கோட்தான் அனுப்புகிறேன். மேப்பில் உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குண்டூசி ஒன்று விழும். கீழே எழுத்தும் எண்ணும் கலந்து, நடுவில் கூட்டல் குறியோடு ஒரு குறியீடு தெரியும். அதுதான் பிளஸ் கோட். அதில் ஆங்கில உயிரெழுத்தே வராது. தற்செயலாக ஏதாவது வார்த்தை அமைந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்துக்குள் இடத்தைக் காட்டிவிடும். நம் தபால் துறையும் 2025 மே மாதம் ‘டிஜிபின்’ என்று பத்து எழுத்துக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தது. அது இன்னும் துல்லியம், 4 மீட்டர் சதுரம். ஆனால் சிலிண்டர் தம்பிக்கு இன்னும் அது பழகவில்லை.

நைட் ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். கால் மணி நேரம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது. வழிப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். எட்டு மணி நேரமும் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அது பாதுகாப்பா, காவலா என்று எனக்குப் புரியவில்லை.

மெஸ்ஸுக்குப் பீகார், ஒடிசா பையன்களும் வருகிறார்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் 2011-லேயே வந்துவிட்டது, ஒடியா 2020-ல், போஜ்புரியும் மைதிலியும் 2022-ல். ‘குழம்பில் காரம் கம்மி பண்ணுங்க’ என்று ஒரு பையன் போனை நீட்டினான். அதற்கு மேல் எங்களுக்குள் மொழிப் பிரச்னை வந்ததில்லை.

இதெல்லாம் சில்லறை விஷயம். நான் சொல்ல வந்தது என் நாத்தனாரின் மனை விவகாரம்.

அவள் படப்பையில் இருக்கிறாள. வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷமாகிறது. கம்பெனியில் கொடுத்த பி.எஃப். பணம், நகை அடகு வைத்தது எல்லாம் சேர்த்துக் கையில் ஒன்பது லட்சம். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கென்று ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஓரகத்தி வழிச் சொந்தம் என்று ஒரு புரோக்கர் வந்தார். அரை கிரவுண்ட், ஏழு லட்சம். “பரந்தூர்ல ஏர்போர்ட் வரப்போகுதுக்கா, இந்த ரேட்டு அடுத்த மாசம் இருக்காது.” எங்கள் பக்கம் எந்த மனை விளம்பரத்திலும் இந்த ஏர்போர்ட் பறந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுக்க ஒரு வாரம் இருக்கையில் சர்வே எண்ணை எனக்கு அனுப்பினாள். அரசாங்கத்தின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் பட்டா, சிட்டா விவரமும் அ-பதிவேடும் புலப்படமும் காசில்லாமல் வரும். இதற்கே பிரவுசிங் சென்டரில் இருநூறு ரூபாய் வாங்குகிறார்கள். பட்டாவுக்கு மட்டும் உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். ஒன்று கவனியுங்கள்: முகவரி ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிய வேண்டும். அதே முகத்தோற்றத்தில் வேறு தளங்களும் தேடலில் மேலே வந்து நிற்கும். இன்னொன்று, செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பழைய பத்திரத்தில் காஞ்சிபுரம் என்றிருக்கும் கிராமம் இப்போது அங்கே இருக்கலாம். கிடைக்கவில்லை என்றதும் ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பட்டா சரியாக இருந்தது. விற்பவர் பெயரேதான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தேன், அதுவும் இலவசம்தான். அடமானம் எதுவும் இல்லை. “பாத்தீங்களா அண்ணி, எல்லாம் கரெக்டா இருக்கு. நீங்கதான் சந்தேகப்படறீங்க” என்றாள்.

“சரிம்மா. ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு இடத்தைப் பாக்கப் போறப்ப, மூலைக்கல்லு கிட்ட நின்னு எனக்கு லொகேஷன் அனுப்பு. நாலு மூலையும்.”

முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினாள். லைவ் லொகேஷன் வேண்டாம், ‘தற்போதைய இருப்பிடம்’ போதும். வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொட்டால் மேப் திறக்கும். அந்த இடத்தில் விரலை அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். எங்கள் பக்கமென்றால் முதலாவது 12-லும் இரண்டாவது 79-லும் தொடங்கும். அரசின் டி.என்.ஜி.ஐ.எஸ். தளத்தில் உள்ள ‘தமிழ்நிலம்’ வரைபடத்தில் அதே இடத்தைத் தேடிப்போய்த் தொட்டால், அது எந்த சர்வே எண் என்று காட்டும்.

வேறு எண் காட்டியது.

போனின் ஜி.பி.எஸ். ஐந்து பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளியை நம்பி யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நாலு மூலை கேட்டது அதற்குத்தான். நாலுமே அந்த வேறு எண்ணுக்குள் விழுந்தன. காகிதத்தில் இருந்த சர்வே எண் மேற்கே தள்ளிக் கிடந்தது. கல் நட்டிருந்த எண்ணுக்கு அ-பதிவேட்டை எடுத்தேன். ஏரிப் புறம்போக்கு.

இதைச் சொன்னால் நம்ப மாட்டாள் என்று தெரியும். காகிதத்தைக் காகிதத்தால் மறுத்தால் புரோக்கர் இன்னொரு காகிதம் கொண்டுவருவார். அதனால் கூகுள் எர்த்தைத் திறந்தேன். அதில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். முன்பு கம்ப்யூட்டரில்தான் முடியும், 2024 முதல் கைபேசியிலும் வந்துவிட்டது. இதில் ஒரு சூட்சுமம். மே மாதப் படத்தைப் பார்த்தால் எந்த ஏரியும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானம் மாதிரிதான் தெரியும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே டிசம்பர், ஜனவரியில் எடுத்த படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் ஐரோப்பியர்களின் கோப்பர்நிகஸ் பிரவுசரும் இலவசம்தான். அந்தச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. மங்கலாக இருக்கும், ஆனால் தண்ணீரா தரையா என்பது தெரிந்துவிடும்.

டிசம்பர் படம் ஒன்று கிடைத்தது. அவள் அனுப்பிய நாலு புள்ளியும் தண்ணீருக்குள் இருந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் வந்தது. “அண்ணிக்குப் போன்ல எல்லாம் தெரியும்ணே. எனக்கு ஒரு குழி நிலம் வந்துடக் கூடாதுன்னு பாக்கறாங்க.” புரோக்கர், “அது பழைய ஏரி, இப்ப தூர்ந்து போச்சு” என்று சொல்லியிருக்கிறார். தூர்ந்தாலும் ஏரி ஏரிதான், பதிவேட்டில் அது அரசாங்க நிலம்தான். 2015 டிசம்பரில் இந்தப் பக்கம் இருந்தவர்கள் யாருக்கும் ஏரி தன் இடத்தைத் தேடி வருவதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டாள். என்னோடு பேசாவிட்டாலும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மேப்பில் தெரிவதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. அதை வைத்துப் புரோக்கரிடம் சரியான கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். வாங்குவது என்று முடிவானால் சர்வேயரை வைத்து அளந்து, வக்கீலிடம் மூலப் பத்திரத்தைக் காட்டியே ஆக வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெராவில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பட்டியலும் இணையத்திலேயே இருக்கிறது. ‘அப்ரூவல் வந்துடும்’ என்பது அப்ரூவல் இல்லை.

‘மெயின் ரோட்டுக்கு அஞ்சு நிமிஷம்’ என்பதையும் அப்படியே விடாதீர்கள். மேப்பில் வழி கேட்கும்போது, மூன்று புள்ளியைத் தொட்டு, கிளம்பும் நேரத்தை மாற்றலாம். மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் எல்லா ஊரும் பக்கம்தான். காலை ஷிப்ட் பஸ்கள் வரிசை கட்டும் நேரத்தைப் போட்டுப் பாருங்கள், ஒரகடம் கூட்டு ரோடு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இரண்டு மாதம் கழித்து, போன வாரம், ராத்திரி பத்து மணிக்கு நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப். நலமா, சாப்பிட்டீர்களா எதுவும் இல்லை. ஒரு கிராமத்தின் பெயர், ஒரு சர்வே எண், நாலு லொகேஷன். அதற்குக் கீழே, ‘இதையும் கொஞ்சம் பாருங்க அண்ணி.’

பார்த்தேன். நாலு புள்ளியும் சரியான எண்ணுக்குள் விழுந்தன. டிசம்பர் படத்தில் தரை காய்ந்திருந்தது. பட்டா மட்டும் கூட்டுப் பட்டா, ஆறு பேர் பெயர் இருக்கிறது. ஐந்து பேர் கையெழுத்துப் போடத் தயார் என்கிறார்கள். ஆறாவது ஆள் பெங்களூரில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசப் போகிறார்கள், என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள்.