நன்றி மறவோம்

இன்பத்தில் உடனிருப்போர் பலர். துன்பத்தில் துணை நிற்போரே உற்றார். இவ்வுண்மையைச் சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலேயே கண்டோம்.

பாம்பன் சின்னப்பாலத்தில் வாழும் நாங்கள் மூவர் சகோதரிகள். எங்கள் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி எடுத்து எங்களைப் படிக்க வைத்தார்கள். திடீரென மூச்சு இரைத்தது. பிறகு தலை சாய்த்துப் படுக்கவும் இயலவில்லை. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த காய்ச்சல் இருதய வால்வைச் சுருக்கிவிட்டது என்றார்கள் மதுரை மருத்துவர்கள். நாங்கள் கலங்கினோம்.

நெஞ்செலும்பைப் பிளந்து, இருதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துச் செய்யும் சிகிச்சை அது. 1953-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய இயந்திரத்தின் வழிவந்தது அவ்வியந்திரம். அம்மாவுக்குப் பொருத்தப்பட்ட 'சித்ரா' வால்வோ நம் நாட்டில் உருவானது. திருவனந்தபுரத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் அதை உருவாக்கியபோது முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூன்றாம் தோல்வியோடு அவர்கள் ஓய்ந்திருந்தால் எங்கள் கதி என்ன!

செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. முகமறியா நால்வர் இரத்தம் அளித்தனர். இரவு பகல் பாராது செவிலியர் காத்தனர். அண்டை வீட்டார் உலை வைத்து எங்களுக்கும் சோறிட்டனர். அருட்சகோதரிகள் விடுபட்ட பாடங்களை மாலையில் கற்பித்தனர். யாருக்கென்று நன்றி சொல்வோம்!

மூன்று மாதம் அம்மா குடம் தூக்கவில்லை, நாங்கள் தூக்கினோம். இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மாத்திரை உண்பதால், பாறை கீறினாலும் ஆபத்து. ஆகவே இனிக் கடலில் இறங்க இயலாது. "கடல் போனால் என்ன, கை இருக்கிறதே!" என்று அம்மா இப்போது பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். வருவாய் குறைவுதான், நம்பிக்கை குறையவில்லை. நள்ளிரவு அமைதியில் அம்மாவின் நெஞ்சிலிருந்து 'டிக் டிக்' என்னும் மெல்லொலி கேட்கும். அதுவே எங்களுக்குத் தாலாட்டு.

அன்புத் தோழியரே! தொண்டை வலியுடன் காய்ச்சல் வந்தால் கைவைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். வயது வந்ததும் இரத்ததானம் செய்யுங்கள். பெற்ற உதவியைப் பிறருக்கு அளிப்பதே சிறந்த நன்றி. நாங்கள் மூவரும் அவ்வாறே செய்ய இறைவன் அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு