தேவராஜ மொஹல்லாவும் பயணிகள் கணக்கும்

மைசூர் மாநகருக்கு ஆண்டுதோறும் எத்தனை பேர் வந்து செல்கின்றனர் என்று வினவினால், பெரும்பாலோர் அரண்மனை வாயிலில் விற்ற நுழைவுச் சீட்டுகளின் தொகையையே விடையாகக் கூறுவர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 30 இலட்சத்தைக் கடந்து நிற்கிறது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நகரில் வாழ்வோரோ ஏறத்தாழ 9 இலட்சம் பேர். ஊராரைப்போல் மும்மடங்கினும் மிகுந்த விருந்தினரை ஓர் அரண்மனை ஓராண்டில் வரவேற்கிறது என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும், அவ்வாயிலிலிருந்து சிறிது தொலைவு நடந்து தேவராஜ மொஹல்லாவை அடைந்தால், இக்கணக்கு எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பது புலனாகும்.

மொஹல்லா என்பது உருது வழியாக இங்கு வழங்கும் சொல். நம் ஊர்களில் பேட்டை என்பதற்கு ஒப்பானது. லஷ்கர் மொஹல்லா, நஜர்பாத் மொஹல்லா, மண்டி மொஹல்லா என மைசூர் நகரின் பழைய பகுதிகள் இவ்வாறே பெயர் பெற்றுள்ளன. அவற்றுள் தேவராஜ மொஹல்லாவின் உயிர்நாடியாக விளங்குவது தேவராஜ மார்க்கெட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பத்தாம் சாமராஜ உடையாரின் ஆட்சிக் காலத்தில் உருப்பெற்ற சந்தை அது. அதன் முன்னே நிற்கும் மணிக்கூண்டு, 1886 இல் வைசிராய் டஃபரின் பிரபு வந்து சென்றதன் நினைவாக எழுந்தது. 1927 இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளி விழாவை ஒட்டி அரண்மனை அருகே எழுந்தது பெரிய மணிக்கூண்டு ஆதலின், இதனை ஊரார் 'சிக்க கடியார', அதாவது சிறிய மணிக்கூண்டு, என்றே அழைக்கின்றனர்.

இச்சந்தையுள் ஏறத்தாழ 800 கடைகள் உள்ளன. குன்று குன்றாகக் குவித்த குங்குமப் பொடி, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், மைசூர் வெற்றிலை, ஊதுவத்தி, நறுமண எண்ணெய் என்று மாநிலத்தின் புகழ்பெற்ற பொருள்கள் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கின்றன. இவற்றுள் மல்லிகையும் ரசபாளையும் வெற்றிலையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் சந்தைக்கு நுழைவுச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாத இடத்தில் எண்ணிக்கையும் இல்லை. அரண்மனையைக் கண்டவர் கணக்கில் ஏறுகிறார். சந்தையில் ஒரு மணி நேரம் திரிந்து பூவும் பழமும் வாங்கியவர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

பயணிகளை எண்ணுவதில் வேறு சிக்கல்களும் உண்டு. 1963 இல் ரோம் நகரில் ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய மாநாடு, ஒரு நாளேனும் தங்குபவரைச் சுற்றுலாப் பயணி என்றும், அதற்குள் திரும்பிவிடுபவரை உலாவருபவர் என்றும் இரு வகையாகப் பிரித்தது. தங்குபவர் அறைக்கும் உணவுக்கும் செலவிடுகிறார். மறுநாள் கடைவீதிக்கும் செல்கிறார். திரும்பிவிடுபவர் இரண்டு மூன்று இடங்களை விரைந்து பார்த்து வண்டி ஏறுகிறார். மேலும், மாநிலக் கணக்குகளில் எண்ணப்படுவன வருகைகளேயன்றி ஆட்கள் அல்லர். 2019 இல் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுப் பயணிகள் வருகை 49 கோடிக்கு மேல். ஒருவரே பழனிக்கும் மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் சென்றால் மூன்று வருகைகள் ஆகின்றன. எனவே தொகை பெரிதாயிற்று என்பதனாலேயே வணிகம் செழித்தது என்று கொள்ளுதல் பொருந்தாது.

மைசூரில் இவ்வேறுபாடு இன்று மிகவும் கருதத்தக்கது. 2022 நவம்பரில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. காலையில் சென்னையில் ஏறுபவர் நண்பகலில் இங்கே இறங்குகிறார். 2023 மார்ச்சில் பெங்களூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. முன்பு மூன்று மணி நேரம் பிடித்த வழி அதனால் பாதியாகச் சுருங்கியது. வருவது எளிதானதுபோலவே திரும்புவதும் எளிதாயிற்று. ஞாயிறு மாலையில் அரண்மனை ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகளால் ஒளிரும். அதனைக் கண்ட கையோடு பெங்களூர் திரும்பி அன்றிரவே வீட்டில் உறங்கலாம். சீட்டின் எண்ணிக்கை குறையாது. சந்தைக்குச் செல்லும் கால்கள் குறையக்கூடும்.

இதற்கு மாறாக, கணக்கில் வராமலே சந்தையை வாழ்விக்கும் விருந்தினரும் உளர். கோடை விடுமுறையிலும் தசராவிலும் நம் இல்லங்களுக்கு வரும் மாமா, சித்தி, அத்தை மக்கள் விடுதியில் அறை எடுப்பதில்லை. ஆதலின் விடுதிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. எனினும் அவர்கள் ஒரு வாரம் தங்குகின்றனர். ஊருக்குத் திரும்புகையில் பை நிறைய வாங்கிச் செல்கின்றனர். நம்மைப் போன்ற குடியேறிய குடும்பங்கள் இந்நகருக்குச் செய்யும் ஓசையற்ற தொண்டு இது.

கணக்கில் இல்லாதது எளிதில் மறக்கப்படும் என்பதே நம் கவலை. 2012 இல் அருகிலுள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நால்வர் உயிரிழந்தனர். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் வடபகுதி இடிந்தது. பழுதுபார்த்துக் காப்பதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 2023 இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இடித்துக் கட்டும் முடிவுக்கு இசைவளித்தது. உயிர்க்காப்பு முதன்மையானது, அதில் இரு கருத்து இல்லை. ஆயினும் சந்தையின் பெறுமானத்தை எடைபோடுங்கால், சுவரின் வலிமையை அளந்ததுபோல் அங்கு வந்துசெல்வோரையும் அளத்தல் வேண்டும். ஆண்டில் நான்கு பருவங்களில், பருவத்துக்குச் சில நாட்கள், வாயில்தோறும் ஆள் நிறுத்தி எண்ணினால் போதும். வந்தவர் உள்ளூராரா, வெளியூராரா, இரவு தங்குவாரா என்று மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். கல்லூரி மாணவர்கள் மனம் வைத்தால் இது அரிய செயலன்று.

நம் சங்கத்துக் குடும்பங்கள் இதற்குத் துணைநிற்கலாம். அதுவரை, நம்மைக் காண வரும் உறவினரை அரண்மனையோடு திருப்பி அனுப்பாமல், சிறிய மணிக்கூண்டின் நிழல் வழியே சந்தைக்குள் அழைத்துச் செல்வோமாக. பூக்கடைக்காரர் முழம் போடும்போது கையில் சீட்டுக் கேட்பதில்லை; ஆனால் அன்றைய அவரது பிழைப்பு அந்த வருகையில்தான் அடங்கியிருக்கிறது.