காதிலே என்ன பஞ்சா?

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். அது முடிந்ததும் காது சுத்தம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. பிள்ளைகள் இரண்டு பேரையும் திண்ணையில் வெளிச்சமாகப் பார்த்து உட்கார வைத்து, தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, பஞ்சுக்குச்சியால் காதைத் துழாவி எடுப்பேன். நுனியில் பழுப்பாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் வீடு முழுவதும் ஒட்டடை அடித்து முடித்த மாதிரி ஒரு திருப்தி! குச்சி தீர்ந்துபோன வாரங்களில் தலையிலிருந்த கொண்டை ஊசியும் கைகொடுத்ததுண்டு. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் இருக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் சின்னவன் முரளியின் போக்கே மாறிவிட்டது. சமையல்கட்டிலிருந்து நாலு தரம் கத்தினால்தான் ஐந்தாம் தரம் "என்னம்மா?" என்பான். டி.வி.யை அடுத்த வீட்டுக்கும் சேர்த்து வைப்பான். "காதிலே என்ன பஞ்சா அடைச்சு வச்சிருக்கே?" என்று நான் கேட்காத நாளே கிடையாது.

பள்ளியிலிருந்தும் புகார் வந்தது. 'வகுப்பில் கவனம் இல்லை' என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். புரட்டிப் பார்த்தேன். 'பட்டம்' என்று சொன்னதை 'வட்டம்' என்று எழுதியிருந்தான். 'கடல்' என்பது 'உடல்' ஆகியிருந்தது. படிப்பில் புத்தி போகவில்லை, விளையாட்டுப் புத்தி என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கடைக்குப் போய் ரவை வாங்கி வா என்று அனுப்பினேன். மைதாவை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். வந்தவர்கள் எதிரிலேயே காதைப் பிடித்துத் திருகி, முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அவன் சத்தம் போட்டு அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ரொம்ப மெதுவாப் பேசறேம்மா" என்றான்.

நானா மெதுவாகப் பேசுகிறவள்? எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்!

விருந்தாளிகள் போன பிறகு என் மாமியார் அருகில் வந்தார். "ஏம்மா, நானும் நாலு நாளா பாக்குறேன். வலப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்புறான். இடப் பக்கம் நின்னா திரும்பவே மாட்டேங்கிறான். புள்ளைய அடிக்கிறதுக்கு முன்னாடி காதைப் பாக்க வேணாமா?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அத்தை அதோடு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளி வளையத்தை எடுத்து வந்தார். அதில் முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் கோத்திருந்தன. அவருடைய மாமியார் கொடுத்ததாம். "நல்லெண்ணெயில பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டு, இதால நோண்டினா வந்துடும்" என்றார். நல்ல வேளையாக என் கணவர் குறுக்கே வந்து, "ரெண்டு பேரும் சும்மா இருங்க. காலையில டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று சொல்லிவிட்டார்.

காது, மூக்கு, தொண்டை டாக்டர் விளக்கு வைத்த சின்னக் குழலால் உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டுல காது சுத்தம் பண்றது யாரு?"

"நான்தான் டாக்டர். வாரம் தவறினதே இல்லை" என்றேன் பெருமையாக.

"அதான் இப்படி ஆயிருக்கு" என்றார்.

எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். குறும்பி அழுக்கே இல்லையாம். காதுத் துவாரத்தின் வெளிப் பகுதியில் உள்ள சுரப்பிகள் சுரப்பதும், உதிரும் தோலும் சேர்ந்ததுதான் அது. தூசியைப் பிடித்து வைக்கும்; தண்ணீர் ஊறவிடாது; கிருமிகளையும் மட்டுப்படுத்தும். உள்ளே இருக்கிற தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருப்பதால் குறும்பியும் தானாக வெளியே வந்துவிடும். நாம் மெல்லுவதும் பேசுவதும்கூட அதற்கு உதவி செய்கின்றனவாம்.

"நீங்க குச்சியை விட்டதும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். மீதி எல்லாம் உள்ளே போகும். ஊறுகாய் ஜாடியில அழுத்தி அழுத்தி அடைக்கிற மாதிரிதான். செவிப்பறை எவ்வளவு மெல்லிசு தெரியுமா? ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. கொண்டை ஊசி பட்டா என்ன ஆகும்?" என்றார்.

இடது காது முழுவதும் அடைத்திருந்தது. வலது காதில் பாதி. செவிப்பறையில் ஓட்டை இருந்த சரித்திரமோ, சீழோ இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாள் விடச் சொன்னார். "மருந்துல ஊறினதும் இன்னும் கொஞ்சம் காது அடைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்.

ஆறாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். கருஞ்சிவப்பாக, புளியங்கொட்டை போல ஒன்று தட்டில் வந்து விழுந்தது. முரளி திடுக்கிட்டு மேலே பார்த்தான்.

"அம்மா, ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா?"

டாக்டர் சிரித்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம், "ஏம்மா இப்படிக் கத்தறே, எனக்குத்தான் கேக்குதே!" என்று அவன் கேலி வேறு. அன்று ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, "அன்னிக்கு அடிச்சுட்டேன், அம்மா மேலதான் தப்பு" என்று மெதுவாகத்தான் சொன்னேன். "பரவாயில்லேம்மா" என்றான். அந்த மெல்லிய குரல் அவனுக்குக் கேட்டது. அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

பஞ்சுக்குச்சி பிறந்ததே குழந்தைக்காகத்தானாம். 1923-ல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர், தம் மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தைக்குத் துடைப்பதைப் பார்த்துத் தயாரிக்கத் தொடங்கினார். அதே நாட்டில் 1990 முதல் 2010 வரை, காதில் பஞ்சுக்குச்சியால் காயம்பட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்த சிறுவர் சிறுமியர் சுமார் 2,63,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் சிலருடைய தாய்மார்களும் என்னைப் போல நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள்!

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்:

* குளிப்பாட்டிய பின் ஈரத் துணியின் நுனியால் காது மடலையும் வாசலையும் மட்டும் துடைத்தால் போதும். குச்சி, ஊசி, சாவி எதுவும் உள்ளே போகக் கூடாது. காதில் மெழுகுவத்தி ஏற்றும் வைத்தியமும் வேண்டாம். பலன் இல்லை, சுட்டுவிடும் அபாயம்தான் உண்டு.

* காய்ச்சிய எண்ணெயை விடவே கூடாது. சொட்டு மருந்தானாலும் டாக்டர் பார்த்த பிறகுதான். சீழ் வடிகிற காதுக்கும், ஓட்டை விழுந்த செவிப்பறைக்கும் சொந்தமாக எதையும் விடாதீர்கள்.

* மருந்துச் சீசாவைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுச் சொட்டு விடுங்கள். ரொம்பக் குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூன்று வயதுக்கு உட்பட்டதானால் மடலைக் கீழும் பின்னுமாகவும், பெரிய குழந்தையானால் மேலும் பின்னுமாகவும் இழுத்துக்கொண்டு விட வேண்டும். ஐந்து நிமிஷம் அப்படியே படுத்திருக்கட்டும்.

* வலி, காய்ச்சல், சீழ், ரத்தம், தலைசுற்றல் இருந்தால் தாமதிக்காதீர்கள். பட்டன் பாட்டரி காதுக்குள் போய்விட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பயறு, பட்டாணி போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும்.

* குறும்பியை எடுத்த பிறகும் குழந்தைக்குச் சரியாகக் கேட்கவில்லையென்றால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கலாம். மறுபடி காட்டிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அத்தையின் வெள்ளி வளையம் மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. முள்வாங்கி மட்டும் எப்போதாவது வெளியே வரும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இன்றும் உண்டு. திண்ணையில் பிள்ளைகளின் தலை என் மடியில் இன்றும் சாய்கிறது. கையில் குச்சிக்குப் பதில் துண்டு, அவ்வளவுதான். கூப்பிட்ட குரலுக்கு யாராவது திரும்பாவிட்டால் இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை. அருகில் போய், தோளைத் தொட்டு, மெதுவாக ஒரு தரம் கேட்டுப் பார்க்கிறேன்.