பெரிசை விட்டுவிடும் வலை

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்து வருவது என் வேலை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் திரும்பாமல் மணல்மேட்டுக்கு ஓடிவிடுவேன். மொட்டை இரண்டு விரலால் நசுக்கினால் 'டப்'பென்று வெடிக்கும். பறித்ததில் பாதி அதிலேயே தீரும். "பால் கண்ணுல பட்டா பார்வ போயிடும்டா" என்று ஆயா கத்தும்.

ஒருநாள் விரிந்த பூவில் ஒரு பொடி ஈ துடித்துக்கொண்டிருந்தது. பூ நடுவில் ஐந்து மூலையுள்ள கிரீடம். அதன் இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. விடுவிக்கப் போனேன். கால் இடுக்கிலேயே நின்றுவிட, ஈ மட்டும் கையோடு வந்தது. அப்போது ஒரு கருவண்டு வந்து உட்கார்ந்தது. எங்கள் கூரைச் சட்டத்தைத் துளைத்துக் குடியிருந்த இனம்தான். பூங்கொத்தே தாழ்ந்தது. தேன் குடித்தது, காலை வெடுக்கென்று இழுத்தது, போய்விட்டது.

அப்பா வலையில் பொடிசு கண் வழியே நழுவும், பெரிசு மாட்டும். இங்கே தலைகீழ். அன்று ஏரியில் எங்கள் பாடு; வலை போட எங்களுக்கு விழுந்த முறை நாள். அவசரத்தில் இருந்த அப்பா, "பூவுக்கு எதுக்குடா வலை?" என்றார்.

கல்லூரியில் எருக்கம்பூவை அறுத்தபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது. எருக்கு மகரந்தத்தைத் தூளாக இறைப்பதில்லை. இரண்டு மஞ்சள் பைகள், நடுவே கருத்த ஒரு கவ்வி. ஊசிமுனையில் எடுத்தால் தராசு போலத் தொங்கும். வண்டின் கால் பிளவில் இறங்கி மேலேறும்போது கவ்வி காலைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த பூவின் பிளவில் கால் நுழைந்தால் பை அங்கே தங்கிவிடும். மொத்த மூட்டையும் ஒரே காலில் போகிறதே, கண்ட பூச்சியை நம்ப முடியுமா? வலுத்த காலுக்குத் தோதான பிளவு வாய்த்த செடியில் காய் கூடுதலாகப் பிடித்திருக்கும். அதன் பஞ்சு விதைகளே மணலெங்கும் பறந்து முளைத்திருக்கும். இப்படி எத்தனை தலைமுறை வண்டுகள் காலாலேயே அந்தப் பூவைச் செதுக்கினவோ! எருக்குக்கு நெருங்கிய உறவில்லாத ஆர்க்கிட் பூக்களும் இதே பை வித்தையைத் தனியாகப் பழகியவை. பூச்சிகள் அவற்றுக்கு மகரந்தம் சுமப்பதைப் பற்றி டார்வின் 1862இல் ஒரு புத்தகமே எழுதினார்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டத்துத் துளையைத் தார் வைத்து அடைத்தார். மறுவாரம் பக்கத்திலேயே புதுத் துளை. கீழே திண்ணையில் பொடிப்பொடியாய் மரத்தூள்.