எந்தப் புத்தகத்தை வாங்குவது?

ரொறன்ரோவில் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் போடும் புத்தகங்களின் விலையைப் பார்த்தால், ஒரு கிழமைச் சாமான் செலவு நினைவுக்கு வரும். மக்களின் வாழ்வோடு சேர்த்து இசையை ஆராயும் இனஇசையியலில் நாலைந்தை வாங்கி அடுக்கும் ஆசையை விட்டுவிட்டேன். ஒன்றுதான் என்றால் எது?

பேராசிரியர்கள் முதலில் கைகாட்டுவது ஆலன் மெரியம் 1964இல் எழுதியதை. ஒலியை மட்டும் பாராதே, அதைப் பற்றிய எண்ணத்தையும் அதைச் சுற்றிய நடத்தையையும் பார் என்று சொன்ன நூல். முக்கியமானதுதான். ஆனால் வாசிக்க வாசிக்கக் கோட்பாடு தெரிகிறது, பாடுகிற ஆள் தெரியவில்லை. புரூனோ நெட்டில் வேறு மாதிரி. பிராகில் பிறந்து, 1939இல் சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். ஈரானிலும் சென்னையிலும் போயிருந்து இசை படித்தவர். 1983இல் வந்த தன் பெரிய நூலை 2005இலும் 2015இலும் திருத்தி விரித்தார். துறைக்குப் புதியவர்கள் அதில் தொடங்கலாம்.

நான் வாங்கியது ஸ்டீவன் ஃபெல்டின் ‘சவுண்ட் அன்ட் சென்டிமென்ட்’. பப்புவா நியூகினியின் பொசாவி மழைக்காட்டில் வாழும் கலுலி மக்களைப் பற்றியது. தமக்கை இறால் தர மறுத்ததால் பறவையாகிப்போன ஒரு பொடியனின் கதை அவர்களிடம் உண்டு. அந்தப் பறவையின் கூவல் பெண்களின் அழுகைக்குள் எப்படி வருகிறது, அழுகை எங்கே பாட்டாகிறது என்று ஃபெல்ட் பொறுமையாகக் காட்டுகிறார்.

இங்கே மரணவீட்டு மண்டபங்களில் பார்வைக்கு நேரம் குறித்துத் தருவார்கள். ஒப்பாரி தெரிந்த ஒரு பெரியம்மா இரண்டு அடி சொல்வதற்குள் யாராவது தோளைத் தொட்டு, “காணும் பெரியம்மா, அழாதேங்கோ” என்பார்கள். அவர் அழவில்லை, சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத் தமிழரைப் பற்றிய நூலைவிடக் கலுலிகளைப் பற்றிய இதுதான் எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பல்பண்பாட்டு விழாக்களில் தவிலை ‘இந்தியன் டிரம்’ என்று யாரோ அறிமுகப்படுத்துவார்கள். திருத்த எங்களுக்கு மைக் கிடைக்காது. ஃபெல்டோ எழுதியதைக் கலுலிகளிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லி, அவர்கள் சொன்ன பதிலையும் 1990ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னுரையில் சேர்த்தார். பழைய புத்தகக் கடையில் 1982ஆம் ஆண்டு முதற்பதிப்பு மலிவாகக் கிடக்கும். எடுக்காதீர்கள், அதில் பின்னுரை இல்லை. மெரியத்தை நூலகத்தில் இரவல் வாங்கலாம்.